சின்னக் கடைகளின் சின்னங்கள்

கடந்த ஐந்தாறு வருசத்தில எங்கட வயதுக்காரர் தொடங்கின தொழில்களை எண்ணப் போனால் கைவிரல் காணாது. வீட்டில கேக் செய்து கொடுக்கிறவை, மிளகாய்த்தூளும் ஊறுகாயும் பக்கற் பண்ணுறவை, பனையோலைப் பெட்டி பின்னுறவை, ரீசேர்ட் அடிக்கிறவை, மணப்பெண் அலங்காரம் செய்யிறவை. கனபேர் பெண்கள். நகையை அடகு வைத்தோ, சங்கத்தில கடன் எடுத்தோ தொடங்கினவைதான் கூட. இவை எல்லாரும் முதல் கிழமையே தேடுகிற ஒன்று லோகோ. தூள் அரைக்கிற மெஷின் வந்து சேர முதலே லோகோ வந்துவிடும்.

அப்படி வருகிற லோகோக்களில் ஒரு பொதுத்தன்மை இருக்கு. ஒரு பனைமரம், பக்கத்தில யாழ், பின்னால சூரியன், கீழே அலை. நடுவில பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும். அதுக்குக் கீழே ஒரு சுலோகம், தொடங்கின ஆண்டு. எல்லாத்துக்கும் மேலால பொன்நிற மினுக்கம். ஃபோனில பெரிசாக்கிப் பார்த்தால் வடிவாத்தான் இருக்கும். 50 கிராம் தூள் பக்கற்றில அடித்தால் ஒரு கறுப்புப் பொட்டுத்தான் மிஞ்சும்.

நக்கலடிக்க இதைச் சொல்லவில்லை. எங்கட ஊர், எங்கட மொழி, எங்கட உழைப்பு எல்லாத்தையும் ஒரு படத்துக்குள்ள சொல்லவேணும் என்ற ஆசை விளங்கக்கூடியது. ஆனால் இன்றைக்கு உலகம் முழுக்கத் தெரிந்த சின்னங்கள், அவற்றின் முதலாளிமார் சின்னக் கடைக்காரராக இருந்த நாட்களில் எப்படிப் பிறந்தன என்று தேடிப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது. பிறக்கும்போது அவற்றில் அநேகமானவை எதையும் சொல்லவில்லை. 'இது யாருடையது?' என்ற ஒரேயொரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லின. மிச்ச அர்த்தம் எல்லாம் பிறகு வந்து சேர்ந்தது. சில இடங்களில் அந்த அர்த்தத்துக்கு விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள்.

மாட்டுக்குச் சுடுகிற குறியில் இருந்து தொடங்கலாம். இப்ப நாங்கள் 'பிராண்ட்' என்று சொல்கிற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் எரிதல், கொள்ளிக்கட்டை என்றுதான் பொருள். காய்ச்சின இரும்பால மாட்டின் தொடையில் இட்ட குறிதான் பிறகு கடைச் சரக்குக்கு வந்தது. துணி வெளுத்தவர்களுக்கும் ஒரு குறிமுறை இருந்தது. சேங்கொட்டைச் சாற்றால துணியின் ஓரத்தில் இரண்டு புள்ளி, ஒரு கோடு, ஒரு கொக்கி என்று போட்டுவிடுவார்கள். எந்தத் துவைப்பிலும் போகாது. ஊரில் இருக்கிற அவ்வளவு வீட்டுத் துணியையும் அதை வைத்தே பிரித்துக் கொடுத்தார்கள். எழுத்து வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டுக் குறி மற்ற வீட்டுக் குறியோட மாறுபடாமல் இருந்தால் சரி. லோகோ பற்றி எழுதப்பட்ட தடித்த புத்தகங்களின் சாரம் முழுக்க அந்தத் துணி ஓரத்தில் இருந்தது என்று நாங்கள் நினைக்கிறோம்.

1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக அணி ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது ஓர் ஈமக்குழியில் இருந்து கிடைத்த முத்திரையையும் இங்கே ஞாபகப்படுத்தலாம். மேல் வரியில் குறியீடுகள், கீழ் வரியில் பிராமி எழுத்து. கடைச் சின்னம் இல்லைத்தான், அதிகாரத்தில் இருந்த ஒருவருடைய முத்திரையாக இருந்திருக்கலாம். ஆனாலும் மேலே குறி, கீழே எழுத்து என்ற அந்த ஒழுங்கைப் பார்த்தால், இப்ப வாட்சப்பில வருகிற விசிட்டிங் கார்ட்டுகள் ஞாபகம் வராமல் போகாது.

வியாபாரத்தில் குறி கட்டாயமானது ஏமாற்றைத் தடுக்கத்தான். இங்கிலாந்தில் 1300ஆம் ஆண்டுச் சட்டப்படி தரமான வெள்ளியில் சிறுத்தைத் தலை முத்திரை குத்தவேண்டும். 1363இல் ஒவ்வொரு பொற்கொல்லரும் தனக்கென்று ஒரு குறி வைத்திருக்க வேண்டும் என்று வந்தது. கலப்படம் பிடிபட்டால் ஆளைத் தேடிப் போக ஒரு வழி வேணுமே. குறி என்பது முதலில் விளம்பரம் இல்லை, பொறுப்பு. பிழை வந்தால் என்னிடம் வா என்று சொல்லுகிற முகவரி.

இனி சிவப்பு முக்கோணத்துக்கு வருவோம். 1777இல் வில்லியம் பாஸ் என்பவர் இங்கிலாந்தின் பேர்ட்டன் நகரில் ஒரு பியர் வடிசாலை தொடங்கினார். நூறு வருசத்தில் அந்தப் பியர் கப்பலேறிப் பல நாடுகளுக்குப் போனது. போன இடமெல்லாம் போலியும் கூடவே போனது. பிரித்தானியாவில் வியாபாரக் குறிகளைப் பதிவதற்கான சட்டம் 1875இல் நிறைவேறி, 1876 ஜனவரி 1இல் பதிவு தொடங்கியபோது முதலாம் இலக்கத்தில் பதிவானது பாஸின் சிவப்பு முக்கோணம். இரண்டாம் இலக்கமும் அவர்களுடையதுதான், ஒரு சிவப்புச் சாய்சதுரம். முதல் ஆளாகப் பதிய வேண்டும் என்று புதுவருசத்துக்கு முதல் நாள் இரவே ஒரு ஊழியரைப் பதிவு அலுவலக வாசலில் நிறுத்திவைத்தார்கள் என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. கதை உண்மையோ இல்லையோ, எங்கட ஆட்களுக்கு அது நன்றாக விளங்கும். பாஸ்போர்ட் எடுக்கப் போய் வரிசையில் விடியவிட்ட தலைமுறை நாங்கள்.

முக்கோணத்துக்கும் பியருக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. பார்லிக் கதிர் இல்லை, பீப்பாய் இல்லை, நுரை இல்லை. மூன்று கோடும் ஒரு நிறமும். பிரெஞ்சு ஓவியர் எதுவார் மனே 1882இல் வரைந்து முடித்த 'ஃபோலி பேர்ஜெர் மதுக்கூடம்' என்ற ஓவியத்தை இணையத்தில் தேடிப் பாருங்கோ. நடுவில் சோர்ந்த முகத்தோட ஒரு பணிப்பெண். மேசையின் இரண்டு ஓரத்திலும் போத்தல்கள். அதில சிலவற்றின் லேபலில் ஒரு சிவப்பு முக்கோணம். தூரிகையால சும்மா இழுத்துவிட்டது மாதிரித்தான் இருக்கும். ஆனால் அது எந்த நிறுவனத்தின் போத்தல் என்று 140 வருசத்துக்குப் பிறகும் எங்களுக்குத் தெரிகிறது. இன்னொருவர் கை இரண்டு இழுப்பில் கீறினாலும் அடையாளம் அழியாத சின்னம் அது. எங்கட பனை, யாழ், சூரியன், அலையை மனேயாலும் இரண்டு இழுப்பில் கீறியிருக்க ஏலாது.

இதுக்கு நேரெதிரான வழியும் அதே காலத்தில் வெற்றிகரமாக இருந்தது என்பதையும் சொல்லவேணும். மாஞ்செஸ்டர் ஆலைகள் இந்தியாவுக்கு அனுப்பிய துணிக்கட்டுகளில் வர்ணப் படங்கள் ஒட்டப்பட்டிருக்கும். கிருஷ்ணர், சரஸ்வதி, ராஜாக்கள், யானை, புலி. சந்தையில் வாங்குகிறவர் ஆலையின் பெயரை வாசிக்கமாட்டார். போன முறை வாங்கின அதே படம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவார். படம் நிறைந்த இந்தச் சின்னங்கள் ஏன் வேலை செய்தன? துணிக்கட்டு பெரியது, ஒட்டுப்படமும் பெரிதாக அச்சடிக்கலாம் என்பது ஒரு காரணம். மற்றது, எங்களுக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது: அந்தப் படங்களுக்கு வாயில் சொல்லக்கூடிய ஒரு பெயர் இருந்தது.

தமிழில் இதுக்குச் சரியான சொல் 'மார்க்'. சிவகாசியைப் பாருங்கோ. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யப் பழகி, திரும்பி வந்து 1923இல் தொழில் தொடங்கினார்கள். ஒரு சின்ன வறண்ட ஊரில் இருந்து கிளம்பிய குடிசைத் தொழில். தீப்பெட்டியின் முகம் இரண்டு விரல் அளவு. அதுக்குள்ள ஒரு படம்தான் அடங்கும். அணில், சேவல், கப்பல், மயில். கடைக்காரரிட்டப் போய் "அணில் மார்க் தாங்கோ" என்றால் வேலை முடிந்தது. நிறுவனத்தின் முழுப்பெயரோ முதலாளியின் பெயரோ யாருக்கும் தேவைப்படவில்லை. லேபல் அச்சடிக்கும் தேவையே பிறகு சிவகாசியை இந்தியாவின் பெரிய அச்சக நகரங்களில் ஒன்றாக்கியது.

சின்னத்தைக் கண்ணால பார்க்கிற பொருளாக மட்டும் நினைக்கிற பழக்கம் எங்களுக்கு ஃபோன் திரையால வந்தது. கடை வாசலில் அது வாயால சொல்லப்படுகிற பொருள். 'ரெண்டு வளைகோடும் நடுவில ஒரு இலை மாதிரியும்' என்று விளக்கவேண்டிய சின்னத்தை ஒருவரும் கேட்டு வாங்கமாட்டார்கள். இதை எங்கட நாட்டில் மிக நன்றாக விளங்கிவைத்திருப்பது அரசியல் கட்சிகள்தான். எங்கட அம்மம்மாமாருக்குக் கட்சிகளின் முழுப்பெயர் பிழைக்கும். வீடு, சைக்கிள், உதயசூரியன், யானை என்றால் பிழைக்காது. (கட்சிகள் அந்தச் சின்னங்களுக்குள் என்ன அர்த்தத்தை நிரப்பின என்பது வேறு கட்டுரை.)

பெயர், வடிவம், வாய் மூன்றும் ஒன்றான சின்னம் என்றால் ஷெல்தான். அதன் தொடக்கம் எண்ணெய் இல்லை. லண்டனின் கிழக்குப் பகுதியில் மார்க்கஸ் சாமுவேல் என்ற யூத வியாபாரி பழைய பொருள், அபூர்வப் பொருள் விற்கிற ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். 1833 அளவில் கிழக்கு நாடுகளில் இருந்து சிப்பி, சோகி எல்லாம் இறக்கி, பெட்டிகளில் ஒட்டி விற்கத் தொடங்கினார். மன்னார், திருகோணமலைப் பக்கம் இப்பவும் கண்ணாடிச் சட்டத்தில் சிப்பி ஒட்டி விற்கிறார்களே, அதே வேலைதான். இவருடைய மகன்மார் காலத்தில் வியாபாரம் மண்ணெண்ணெய்க்கு மாறியது. 1892இல் அவர்களுடைய 'மியூரெக்ஸ்' கப்பல் ரஷ்ய மண்ணெண்ணெயை ஏற்றிக்கொண்டு சுயஸ் கால்வாயைக் கடந்தது. அந்தக் கால்வாயைக் கடந்த முதல் எண்ணெய்த் தாங்கிக் கப்பல் அதுதான். மியூரெக்ஸ் என்பது ஒரு கடற்சங்கின் பெயர். அடுத்தடுத்த கப்பல்களுக்கும் சங்கு, சிப்பிப் பெயர்களே வைத்தார்கள். அதில் 'கொன்ச்' என்ற கப்பல் 1903இல் எங்கட தென்கரையில், ஹிக்கடுவைக்குக் கிட்ட அக்குரலைக் கடலில் மூழ்கியது. இன்றைக்கும் சுழியோடிகள் அதைப் பார்க்கப் போகிறார்கள்.

மண்ணெண்ணெய்ச் சந்தையை அப்போது பிடித்துவைத்திருந்தது அமெரிக்காவின் ஸ்டான்டர்ட் ஒயில். அவர்கள் நீலத் தகரங்களில் அடைத்து அனுப்பினார்கள். சாமுவேல் கப்பலில் மொத்தமாக எண்ணெயைக் கொண்டுபோய் மலிவாக விற்கலாம், சனம் பாத்திரம் கொண்டுவந்து வாங்கிக்கொண்டு போகும் என்று நினைத்தார். சனம் வாங்கவில்லை. ஏனென்றால் ஆசியாவில் எண்ணெய்க்குச் சமமாகத் தகரத்துக்கும் மதிப்பு இருந்தது. வெறுந்தகரம் கூரையானது, வாளியானது, அடுப்பானது. கடைசியில் சாமுவேல் தகடு இறக்குமதி செய்து, பளிச்சென்ற சிவப்பில் தகரம் செய்து விற்றார். நீலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் தூரத்திலேயே தெரிகிற சிவப்பு. எண்ணெய் முடிந்த பிறகும் அந்தச் சிவப்பு ஊர் முழுக்கக் கூரையாகவும் வாளியாகவும் காட்சி தந்துகொண்டே இருந்தது. தன் சின்னம் வாங்குகிறவர் வீட்டில் எவ்வளவு காலம், என்னவாகக் கிடக்கப்போகிறது என்று யோசிக்கிற முதலாளி அன்றும் குறைவு, இன்றும் குறைவு. எங்கட வீடுகளில் பிஸ்கட் ரின் தையல் பெட்டியாகி இருபது வருசம் இருக்கிறதை நினைத்துப் பாருங்கோ.

ஷெல்லின் சின்னமும் படிப்படியாகத்தான் இளைத்தது. தொடக்கத்தில் ஒரு மட்டி. 1904இலிருந்து விசிறி மாதிரி விரிந்த சிப்பி, உண்மையான சிப்பியைப் பார்த்துக் கீறினது போல ஒவ்வொரு வரியும் நிழலும் இருக்கும். பிறகு வந்த ஒவ்வொரு பதிப்பிலும் கோடுகள் குறைந்தன. 1971இல் ரேமன்ட் லோவி வடிவமைத்ததுதான் இப்பவும் அநேகமாக அப்படியே இருக்கு. பெற்றோலுக்கும் சிப்பிக்கும் சம்பந்தம் தேடினால் கிடையாது. ஒரு தகப்பனின் சிப்பிக் கடை மட்டும்தான் உள்ளே இருக்கு.

இப்ப எங்கட மண்ணோட நேரடியாகத் தொடுகிற கதை. தோமஸ் லிப்டன் 1871இல் கிளாஸ்கோவில் பலசரக்குக் கடை தொடங்கினார். பன்றி இறைச்சி, முட்டை, வெண்ணெய், பாற்கட்டி. விளம்பரத்தில் கெட்டிக்காரர். கொழுத்த பன்றிகளைத் தெருவில் ஊர்வலம் விட்டு சனத்தைக் கடைப்பக்கம் திருப்பினவர். 1890இல் இலங்கைக்கு வந்து, கோப்பி அழிந்துபோய் விலை விழுந்து கிடந்த தோட்டங்களை வாங்கினார். ஹப்புத்தளைக்குக் கிட்ட இருக்கிற தம்பேத்தன்னையும் அதில ஒன்று.

அந்தக் காலத்தில் பிரித்தானியக் கடைகளில் தேயிலை பெரும்பாலும் பெட்டியில் இருந்து அள்ளி நிறுத்துத்தான் விற்கப்பட்டது. நிறையும் தரமும் கடைக்காரர் கையில். லிப்டன் அதை அளந்து பக்கற்றில் அடைத்தார். அடைத்தவுடன் ஒரு பெரிய மாற்றம் நடந்தது: உள்ளே இருக்கிற தேயிலையை வாங்குகிறவர் பார்க்க முடியாது. பக்கற்றில் இருக்கிற பெயரையும் படத்தையும் நம்பித்தான் வாங்கவேண்டும். தோட்டத்தில் இருந்து நேரே தேநீர்க் கேத்தலுக்கு என்று சொல்லி விற்ற அந்த விளம்பரங்களில் யார் வந்தது தெரியுமா? கூடையோட, சேலையோட, அமைதியான முகத்தோட ஒரு தமிழ்ப் பெண்.

அந்தப் பெண்ணின் கதை விளம்பரத்தில் இருக்கவில்லை. அவளுடைய பெற்றோரோ, பாட்டன் பாட்டியோ தமிழ்நாட்டு மாவட்டங்களில் இருந்து பஞ்சத்தால் விரட்டப்பட்டு வந்தவர்கள். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி மலைநாட்டுக்குக் கால்நடையாகப் போனவர்களில் கனபேர் வழியிலேயே செத்துப்போனார்கள். தோட்டத்துக்கு வந்தவர்களைக் 'துண்டு' என்ற கடன்முறை பிடித்து வைத்திருந்தது. கடனைத் தீர்த்தால்தான் தோட்டத்தை விட்டுப் போகலாம் என்று துரை எழுதிக் கொடுக்கிற காகிதம் அது. 1921இல்தான் அது ஒழிக்கப்பட்டது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழரில் மிகப்பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. இலங்கையின் அடையாளமாக உலகச் சந்தையில் கொழுந்துக் கூடையோட நின்ற பெண்ணுக்கு இலங்கை அடையாளம் இல்லை. இதைவிடக் கொடுமையான முரணை விளம்பர வரலாற்றில் நாங்கள் காணவில்லை.

முக்கோணமும் சிப்பியும் யாரையும் காட்டவில்லை, அதனால் யாருக்கும் கடன்படவுமில்லை. மனித முகத்தைச் சின்னமாக்கினால் அந்த மனிதருக்கு ஒரு கணக்கு வந்துவிடுகிறது. இது பெரிய கம்பனிகளுக்கு மட்டுமான பேச்சில்லை. இப்ப எங்கட ஊர்ப் பொருட்களில் பனையேறுகிறவரின் உருவம், வலை இழுக்கிறவரின் உருவம், திருகையில் மா அரைக்கிற அம்மம்மாவின் உருவம் எல்லாம் லோகோவாக வருகின்றன. பனங்கட்டிப் பெட்டியில் சீவல் தொழிலாளியின் நிழலுருவத்தைப் போடுகிற நிறுவனம், பதநீர் இறக்குகிறவருக்கு லீற்றருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்கிற உரிமை வாங்குகிறவருக்கு உண்டு என்று நாங்கள் நினைக்கிறோம். நல்ல விலை கொடுக்கிற இடமென்றால் அந்தப் படம் தாராளமாக இருக்கட்டும்.

கடைசியாக இரண்டு அமெரிக்கக் கதைகள். இவை எல்லாருக்கும் ஓரளவு தெரிந்தவை என்பதால் சுருக்கமாக. அப்பிள் 1976இல் தொடங்கியபோது அதன் முதல் சின்னத்தைக் கீறியவர் மூன்றாவது பங்காளி ரொனால்ட் வெயின். மரத்தடியில் இருந்து வாசிக்கிற நியூட்டன், தலைக்கு மேலே மினுங்கிற அப்பிள், சுற்றிவர ஒரு சட்டம், சட்டம் முழுக்க எழுத்து, மேலேயும் கீழேயும் நாடா. சுருக்கமாகச் சொன்னால், பனையும் யாழும் சூரியனும் அலையும்! அடுத்த வருசமே ரொப் ஜனொவ் கீறிய கடித்த அப்பிள் வந்தது. சின்னதாக அச்சடிக்கும்போது செர்ரிப் பழம் என்று நினைத்துவிடக் கூடாதே என்றுதான் ஒரு கடி. கோடுகளின் நிறங்கள், அப்பிள் II கணினி திரையில் நிறம் காட்டும் என்பதற்காக. எல்லாத்துக்கும் வேலை சார்ந்த காரணம் இருந்தது. அறிவுக் கனி, பாவம், ஏவாள் என்றெல்லாம் சொல்லப்படுகிற அர்த்தங்கள் பிறகு பார்க்கிறவர்கள் ஏற்றினவை.

நைக்கி ஜப்பான் சப்பாத்தை இறக்கி விற்கிற சின்ன நிறுவனமாகத்தான் 1964இல் வேறு பெயரில் தொடங்கியது. 1971இல் சொந்தச் சப்பாத்து அடிக்க வெளிக்கிட்டபோது, பக்கவாட்டில் போட ஒரு குறி தேவைப்பட்டது. போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் படித்துக்கொண்டிருந்த கரோலின் டேவிட்சன் கீறிக் கொடுத்தார். உரிமையாளர் பில் நைட்டுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. போகப்போகப் பழகிவிடும் என்று எடுத்துக்கொண்டார். பெட்டி அச்சடிக்கிற நாள் நெருங்கிவிட்டது, வேறு வழியில்லை. மணித்தியாலத்துக்கு 2 டொலர், 17.5 மணித்தியாலம், மொத்தம் 35 டொலர்.

இந்த 35 டொலர்க் கதையை எங்களில் லோகோ செய்கிறவர்கள் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டார்கள். "நைக்கிக்கே 35 டொலர்தான், நீர் என்ன இவ்வளவு கேட்கிறீர்" என்று சொல்கிறவர்கள் கதையின் மிச்சத்தைச் சொல்வதில்லை. டேவிட்சன் தொடர்ந்தும் அந்த நிறுவனத்துக்குச் சம்பளத்துக்கு வேலை செய்தார். 1983இல் அவரை அழைத்து, அந்தக் குறி பொறித்த வைரம் வைத்த மோதிரமும் நிறுவனத்தின் பங்குகளும் கொடுத்தார்கள். அதோட, 35 டொலர் இலவசம் இல்லை, ஒரு மாணவியிடம் முன்கூட்டியே பேசி வைத்த மணித்தியாலக் கூலி. "ஒரு சின்ன லோகோ தானே, ஃப்ரென்ட் தானே" என்று கேட்கப்படுகிற எங்கட தம்பி தங்கச்சியவைக்கு அந்த மணித்தியாலக் கணக்கும் கிடைப்பதில்லை. தூள் அரைக்கிற மெஷின்காரரிடம் யாரும் ஃப்ரென்ட் தானே என்று கேட்டதாகத் தெரியவில்லை.

தமிழ் எழுத்தைப் பற்றியும் கொஞ்சம் பேசவேணும், ஏனென்றால் இந்தக் கதைகள் ஒன்றிலும் அது வராது. எங்கட பெயர்கள் நீளம். புள்ளியும் கொம்பும் சுழியும் சின்ன அளவில் அடைபட்டுப் போகும், 'ண'வும் 'ன'வும் ஒன்றாகத் தெரியும். அதனால கனபேர் தமிழைக் கீழே பொடி எழுத்தில் போட்டுவிட்டு ஆங்கிலத்தைப் பெரிசாக்குகிறார்கள். அரச பெயர்ப்பலகையில் தமிழ் பொடியாகவும் பிழையாகவும் வந்தால் நாங்கள்தான் படம் எடுத்துப் போடுகிறோம், அதே வேலையை எங்கட பக்கற்றில நாங்களே செய்கிறோம். முழுப்பெயரையும் சின்னத்துக்குள் திணிக்கத் தேவையில்லை. 'ழ', 'ஞ', 'ஐ', 'ஔ' மாதிரி ஒரு எழுத்தே போதும். ஒற்றை எழுத்தைத் தடிப்பாக, ஒரே நிறத்தில், இறப்பர் முத்திரையாக வெட்டிப் பில் புத்தகத்தில் குத்திப் பார்த்தால் அது நிற்குமா நிற்காதா என்று உடனே தெரியும். ஆட்டோவின் பின்கண்ணாடியில் ஒட்டிப் பார்ப்பது அதைவிட நல்ல சோதனை, புழுதி பட்டபிறகும் தெரியவேணும்.

யாழ்ப்பாணத்தில் மில்க்வைற் சவர்க்காரம் பெயரில்லாத வீடு ஒரு காலத்தில் குறைவு. பெயரே ஆங்கிலம், ஆனால் கடைசியில் நிற்கிற அந்த 'ற்' அது எந்த ஊர்ப் பொருள் என்று சொல்லிவிடும். சென்னையில் என்றால் 'ட்' வந்திருக்கும். அதன் உரிமையாளர் க. கனகராஜா பனங்கொட்டை நடுகிற இயக்கம் நடத்தினார், 'மில்க்வைற் செய்தி' என்று மாத இதழ் வெளியிட்டார். அந்தச் சவர்க்காரத்தால ஒரு நாளும் குளிக்காத எங்களுக்கும் அந்தப் பெயர் தெரியும் என்றால் அதுக்குக் காரணம் மேலுறையின் வடிவம் இல்லை. சவர்க்காரத்துக்கும் பனைக்கும் சம்பந்தமில்லை, ஆனால் இப்ப எங்கட மனதில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பனை நிற்கிறது. லோகோவில் கீறாமலே வந்த பனை.

பதிவைப் பற்றி. இலங்கையில் வியாபாரக் குறிகளைப் பதிவது கொழும்பில் இருக்கிற தேசிய புலமைச் சொத்து அலுவலகம், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தின்படி. பொருளின் வகையையோ தரத்தையோ இடத்தையோ வெறுமனே விவரிக்கிற குறியைச் சட்டம் ஏற்காது. மிளகாய்த்தூளுக்கு 'யாழ்ப்பாண மிளகாய்த்தூள்' என்று மட்டும் பதிய முடியாது, அது எல்லாருக்கும் சொந்தமான சொல். நாட்டுக் கொடி, அரச இலச்சினை போன்றவற்றையும் அனுமதியில்லாமல் சேர்க்க ஏலாது. பொருள் வகுப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிவு: மசாலா, கோப்பி, கேக் எல்லாம் 30ஆம் வகுப்பு, சவர்க்காரம் 3ஆம் வகுப்பு. ஒரு பதிவு 10 வருசத்துக்கு நிற்கும், பிறகு பத்துப் பத்து வருசமாகப் புதுப்பிக்கலாம். பாஸின் முக்கோணத்தை அங்கே அப்படிப் புதுப்பித்துப் புதுப்பித்துத்தான் கொண்டுவருகிறார்கள். பிரித்தானியப் பதிவேட்டில் இன்றைக்கும் அதன் இலக்கம் 1.